பழைய போனை விட மனசில்லை, புதுசுல எது வாங்குறது? – வாசகர் கேள்வி பதில்

இந்த தடவை தபால்லயும் மெயில்லயும் வந்த கேள்விங்க முக்காவாசி ஒரே ரகம்தான், "என் பழைய போன் எவ்ளோ நல்லா இருந்துச்சு, அது மாதிரி இப்ப ஒண்ணும் வரதில்லையே". அதனால லேப்டாப், டிவி கேள்விய எல்லாம் அடுத்த இதழுக்குத் தள்ளிட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டேன்.

கேள்வி: தம்பி வணக்கமுங்க. 2017ல வாங்குன ரெட்மி நோட் 4 வெச்சிருக்கறனுங்க. டிவி ரிமோட்டு, எஃப்எம் ரேடியோ, மெமரி கார்டுல பாட்டு எல்லாமே எனக்கு அதுலதானுங்க. இப்ப டிஸ்பிளே ஒரு பக்கமா மேல தூக்கிட்டு நிக்குது. பேங்க் ஆப்பு வேற இந்த போன்ல ஓடாதுன்னு சொல்லிப்போடுச்சு. பதினஞ்சாயிரத்துக்கு எதோ ஒண்ணு வாங்கிக்கோங்கப்பாங்கறான் பையன். இதே மாதிரி ஒண்ணு கிடைக்குமுங்களா?
– ஓய்வுபெற்ற தபால்காரர், ஈரோடு

ஐயா, எந்த போன்னு அப்புறம் பேசுவோம், முதல்ல அதுக்கு சார்ஜ் போடறதை இன்னைக்கே நிறுத்துங்க. டிஸ்பிளே தூக்கிட்டு நிக்குதுன்னா உள்ள பேட்டரி உப்பிருச்சு. தூக்கின இடத்தை விரலால அமுக்கி உள்ள தள்ளுறது, ரப்பர் பேண்ட் போட்டு கட்டி வெச்சுக்கறது (சிரிக்காதீங்க, நெறைய பேர் செய்றாங்க) ரெண்டுமே ஆபத்து, லித்தியம் பேட்டரியோட உறை கிழிஞ்சா குப்புன்னு பத்திக்கும். ஸ்விட்ச் ஆஃப் பண்ணி, மெத்தை தலகாணி பக்கம் வைக்காம, சர்வீஸ் கடைக்கு எடுத்துட்டுப் போங்க. உள்ள இருக்கற போட்டோ, நம்பர் எல்லாம் வேணும்னா வேற பேட்டரி மாட்டச் சொல்லி எடுத்துக்கலாம். கழட்டுன பேட்டரியை வீட்டுக் குப்பைல போடாதீங்க, கடைலயே விட்டுட்டு வந்துடுங்க.

இப்ப உங்க நோட் 4க்கு வருவோம். அதை வெச்சிருந்தவங்க யாரைக் கேட்டாலும் இப்படித்தான் உருகுறாங்க, நியாயமும் இருக்கு. 2017 ஜனவரில 9,999 ரூபாய் ஆரம்ப விலைல வந்துச்சு, மெட்டல் முதுகு, 4100 எம்ஏஹெச் பேட்டரி, உள்ள ஸ்னாப்டிராகன் 625. அந்த சிப் வேகத்துல பெரிய ஆள் இல்ல, ஆனா கரண்டை கம்மியா எடுத்துக்கும், சூடாகாது, அதனால சும்மா பேசி பாட்டு கேக்கறவங்களுக்கு ரெண்டு நாள் அசால்ட்டா தாங்கும். இப்ப 5000, 6000ன்னு பேட்டரி போட்டு வருது, ஆனா ஸ்க்ரீனும் பெருசு, 120 ஹெர்ட்ஸ்ல (வினாடிக்கு 120 தடவை படத்தை புதுப்பிச்சு) ஓடுது, 5ஜி வேற தேடிக்கிட்டே இருக்கு, கடைசில பாத்தா நீங்க பழகுன அதே ரெண்டு நாள்தான்.

பேட்டரி மாத்துனா உங்க போன் பொழச்சுக்கும், பேங்க் ஆப் பொழைக்காது. அந்த போன் ஆண்ட்ராய்டு 7லயே நின்னுடுச்சு, பேங்க்காரங்க பாதுகாப்புக்காக குறைஞ்சபட்ச வெர்ஷனை வருஷா வருஷம் ஏத்திக்கிட்டே போறாங்க. (வாட்ஸப் மட்டும்னா இன்னும் ஓடும், அவங்க பழைய வெர்ஷனையும் கொஞ்சம் விட்டு வெச்சிருக்காங்க.) அதனால புதுசு வாங்கத்தான் வேணும். பையன் சொல்றது சரிதான், அந்த "எதோ ஒண்ணு"தான் சரியில்ல.

நீங்க கேட்டது மூணு, எஃப்எம்முக்கு வேண்டிய ஹெட்போன் ஜாக்கையும் சேத்தா நாலு. அதுல ரிமோட் இன்னும் ரெட்மி, போக்கோ போன்கள்ல வருது, போனோட மேல் விளிம்புல சின்ன கறுப்பு புள்ளி இருக்கான்னு பாருங்க, அதுதான். சாம்சங்ல அதை எப்பவோ எடுத்துட்டாங்க. ஹெட்போன் ஜாக் பதினஞ்சாயிரத்துக்குக் கீழ சில போன்ல இன்னும் உயிரோட இருக்கு, விலை ஏற ஏற காணாம போகுது, இதுல மட்டும் பணக்காரங்களுக்குத்தான் நஷ்டம். எஃப்எம் ரேடியோதான் சிக்கல். நெறைய போன்ல சிப்புக்குள்ள வசதி இருந்தும் கம்பெனி அதை மூடி வெச்சிருக்கும், 2023ல மத்திய அரசே எஃப்எம்மை எல்லா போன்லயும் திறந்து விடுங்கன்னு கம்பெனிகளுக்கு சொல்லிப் பாத்துச்சு. அதனால கடைல இயர்போனை சொருகி (அந்த ஒயர்தான் ஏரியல்) எஃப்எம் பாடுதான்னு கேட்டுட்டு காசு குடுங்க. மெமரி கார்டுக்கு கடைக்காரரை ஒண்ணே ஒண்ணு கேளுங்க, "ரெண்டு சிம்மும் போட்டு கார்டும் போட முடியுமா, இல்ல ஒரு சிம்மை எடுக்கணுமா?" உங்க நோட் 4லயும் ஒரு சிம்மை எடுத்தாதான் கார்டு போட முடியும், அது உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கணக்கு இருக்கு. சாம்சங் ஏ16 5ஜி, ஏ17 5ஜி வரிசைக்கு 6 வருஷம் அப்டேட் தரோம்னு சொல்லியிருக்காங்க. உங்களை இப்ப பாடாப் படுத்தறது பேங்க் ஆப்தானே, அந்த தொல்லை ரொம்ப நாளைக்கு வராது. ஆனா அதுல ரிமோட்டும் இல்ல, ஜாக்கும் இல்ல. ரெட்மி பட்ஜெட் போன்ல பொதுவா ரெண்டு ஆண்ட்ராய்டு மாற்றம், நாலு வருஷம் செக்யூரிட்டி அப்டேட்னு வருது, ஆனா நீங்க ஆசைப்படறது அதுலதான் இருக்கு. நானா இருந்தா உங்களுக்கு ஜாக்கும் ரிமோட்டும் இருக்கற ரெட்மிய எடுக்கச் சொல்லுவேன். பென்ஷன் பாக்கவும் பாட்டு கேக்கவும் நாலு வருஷம் நல்லா ஓடுனா போதும். பையன் அதெல்லாம் முடியாது, அப்டேட்தான் முக்கியம்னு சாம்சங்கையே வாங்கித் தந்தா டிவிக்கு கடைல தனி ரிமோட்டு வாங்கிக்கோங்க, ஹெட்போனுக்கு டைப்-சி கன்வர்ட்டர், அதுவும் உள்ள டாக் சிப் (டிஜிட்டல் சிக்னலை காதுல கேக்கற சத்தமா மாத்தறது) இருக்கற கன்வர்ட்டரா கேட்டு வாங்குங்க, ரோட்டோரம் விக்கற சாதா ஒயர் சில போன்ல வாயே திறக்காது. எஃப்எம்முக்கு பதிலா ஆகாசவாணியோட நியூஸ்ஆன்ஏர் ஆப் இருக்கு, ஆனா நெட் செலவாகும்.

கேள்வி: நைட் டியூட்டி நர்ஸா இருக்கேன் சார். மோட்டோ ஜி5 பிளஸ். ரெண்டு தடவை வெடுக்குனு உதறினா டார்ச் எரியும், வார்டுல லைட் போடாம ட்ரிப் எவ்ளோ இருக்குன்னு பாக்க அந்த ஒண்ணுக்காகவே இத்தனை வருஷம் மாத்தல. இப்ப ரொம்ப ஸ்லோ. கடைல 16 ஜிபி ரேம், 108 மெகாபிக்சல்னு சொல்லி வேற ஒரு போனை கைல திணிக்கறாங்க. வாங்கலாமா?
– வாசகி, திருச்சி

அந்த உதறல் டார்ச் மோட்டோரோலா போன்கள்ல இன்னும் இருக்கும்மா, மணிக்கட்டை திருப்பினா கேமரா திறக்கறதும் இருக்கு. அதனால வேற கம்பெனிக்குப் போய் கையை மறுபடி பழக்கறதுக்கு முன்னாடி மோட்டோ ஜி வரிசைலயே இப்ப வர்றதைப் பாத்துடுங்க. ஆனா வாங்கும்போது எத்தனை வருஷம் அப்டேட்னு பெட்டிலயோ கம்பெனி சைட்லயோ எழுதியிருக்கறதைப் படிங்க, இந்த விஷயத்துல மோட்டோ ரொம்ப தாராளம் கிடையாது.

கடைல சொல்ற 16 ஜிபி ரேம் கதைய கொஞ்சம் பிரிச்சுப் பாப்போம். பெட்டிய திருப்புனா சின்ன எழுத்துல 8 + 8ன்னு இருக்கும். முதல் 8தான் ரேம், ரெண்டாவது 8 உங்க போட்டோ வெக்கற ஸ்டோரேஜ்லேந்து கடன் வாங்குனது, அது ரேமை விட பல மடங்கு மெதுவு. சில கடைல ரெண்டையும் கூட்டியே சொல்லிடுவாங்க. அதுக்கு பதிலா "ஸ்டோரேஜ் யூஎஃப்எஸ்ஸா, ஈஎம்எம்சியா"ன்னு கேட்டுப் பாருங்க (முதலாவது வேகமான ரகம், ரெண்டாவது பழைய மெதுவான ரகம்), பாதி பேருக்கு தெரியாது, தெரிஞ்சவர் கொஞ்சம் தயங்குவார். ஈஎம்எம்சி போட்ட போன் வாங்குன அன்னைக்கு நல்லாதான் ஓடும், ரெண்டு வருஷத்துல ஸ்டோரேஜ் நிறைஞ்சதும் ஒரு ஆப் அப்டேட் ஆகும்போது இன்னொரு ஆப் திறக்காது. இப்ப உங்க போன் ஸ்லோன்னு சொல்றீங்களே, அதுக்கும் ஸ்டோரேஜ் நிறைஞ்சு கெடக்கறது ஒரு காரணமா இருக்கலாம், வாட்ஸப் வீடியோவை கொஞ்சம் அழிச்சுப் பாருங்க.

108 மெகாபிக்சலும் அப்படித்தான், ஒம்போது புள்ளிய ஒண்ணா சேத்து கடைசில 12 மெகாபிக்சல் படம்தான் தரும், உங்க ஜி5 பிளஸ்லயே 12தான் இருந்துச்சு. சேக்கறதுல வெளிச்சம் கூடுதலா கிடைக்கும், அது நல்லதுதான், ஆனா நம்பரைப் பாத்து மயங்க ஒண்ணுமில்ல. பின்னாடி மூணு கேமரா இருக்கேன்னு பாத்தா அதுல ரெண்டு 2 மெகாபிக்சல் அலங்காரம். உங்களுக்கு ராத்திரி வெளிச்சத்துல எடுக்கற வேலை இருந்தா ஓஐஎஸ் இருக்கான்னு மட்டும் பாருங்க, கை நடுங்குனாலும் படம் கலங்காது. கடைலயே ஷெல்ஃபுக்கு அடில இருட்டா இருக்கற மூலைல ஒரு படம் எடுத்து பெருசு பண்ணி அங்க இருக்கற எழுத்தைப் படிச்சுப் பாத்தா போதும், விளம்பரம் சொல்லாததை அது சொல்லிடும்.

கேள்வி: இப்ப எது சார் பெஸ்ட் போன்?
– வாசகர், காரைக்குடி

பட்ஜெட் சொல்லல, பழைய போன் சொல்லல, எதுக்குன்னு சொல்லல. பொண்ணு பாக்கறவங்க கூட உங்களை விட ரெண்டு கேள்வி அதிகமா கேப்பாங்க. விவரமா எழுதுங்க.

கேள்வி: பிக்சல் 4ஏ யூஸ் பண்றேன். ஒரு கைல அடங்கும், குர்த்தி பாக்கெட்ல போட்டா வெளிய எட்டிப் பாக்காது, பின்னாடி விரல் வெச்சா டக்குனு திறக்கும். ஆனா போன வருஷம் ஒரு அப்டேட் வந்ததுலேந்து மத்தியானமே சார்ஜ் போயிடுது. கடைக்குப் போனா எல்லாமே தோசைக்கல் சைஸ்ல இருக்கு. சின்ன போனே கிடையாதா?
– வாசகி, சென்னை

உங்க போன்ல தப்பு இல்ல, நீங்க எதுவும் கெடுக்கவும் இல்ல. 2025 ஜனவரில கூகுள் அனுப்புன அந்த அப்டேட் 4ஏ போன்கள்ல பலதுல பேட்டரிய முழுசா பயன்படுத்த விடாம குறைச்சிருச்சு, பேட்டரிய ஸ்திரமா வெச்சுக்கறதுக்குன்னு காரணம் சொன்னாங்க. முழுசா இருந்தப்பவே அது 3140 எம்ஏஹெச்தான். செக்யூரிட்டி அப்டேட்டும் 2023லயே முடிஞ்சிருச்சு. அதனால பேட்டரி மாத்தி இழுத்துக்கிட்டு போறதுல எனக்கு உடன்பாடில்ல, பேங்க் ஆப் எல்லாம் அதுலதானே வெச்சிருப்பீங்க.

சின்ன போன்னு சொல்லி விக்கறது நின்னு போச்சு. ஆப்பிள் 5.4 இன்ச்ல மினின்னு ரெண்டு வருஷம் விட்டாங்க, 2021ல வந்த 13 மினியோட முடிச்சுக்கிட்டாங்க. சின்ன போன் வேணும் சின்ன போன் வேணும்னு எழுதறவங்க அதிகம், கடைல போய் காசு குடுத்தவங்க கம்மி, கம்பெனிக்கு அது தெரிஞ்சு போச்சு.

ஆனா கடைல இன்ச் பாத்துதான் எல்லாரும் பயப்படறாங்க. இன்ச்ங்கறது ஸ்க்ரீனோட மூலைலேந்து மூலைக்கு, போனோட சைஸ் கிடையாது. உங்க 4ஏ 5.8 இன்ச், அகலம் 69.4 மில்லிமீட்டர், உயரம் 144. சாம்சங் எஸ்25 6.2 இன்ச்னு போட்டிருப்பாங்க, அளந்து பாத்தா அகலம் 70.5, உயரம் 146.9. அகலத்துல ஒரு மில்லிமீட்டர், உயரத்துல மூணு மில்லிமீட்டர்தாங்க வித்தியாசம், ஸ்க்ரீனை சுத்தி இருந்த பார்டரை எடுத்துட்டு அங்கயும் ஸ்க்ரீனை இழுத்து விட்டதுதான் மிச்சம். எடைலதான் கொஞ்சம் தெரியும், உங்களது 143 கிராம், அது 162. எஸ்24ம் கிட்டத்தட்ட அதே சைஸ், 167 கிராம். ஐபோன் 16 அகலம் 71.6, 170 கிராம். பிக்சல்தான் வேணும்னு அடம்பிடிச்சா 9ஏ இருக்கு, ஆனா அது 73.3 அகலம், 186 கிராம் கிட்ட வரும், ஒரு கைல கட்டைவிரல் அந்தப் பக்கம் எட்டாது. அகலம்தான் முக்கியம், உயரம் கூடுனா பாக்கெட்ல தெரியும், அகலம் கூடுனா கை வலிக்கும்.

எஸ்25 வந்தப்ப விலை 80,999. அவ்ளோ குடுக்க வேண்டாம், ஆஃபர் சமயத்துல ஒரு வருஷ, ரெண்டு வருஷ பழைய மாடலை எடுத்தா நல்லா குறையும். ஒரு விஷயம் மட்டும் கவனம், 7 வருஷம் அப்டேட்னு சொல்றது போன் வெளியான தேதிலேந்து, நீங்க வாங்குன தேதிலேந்து கிடையாது. 2024 ஜனவரில வந்த எஸ்24க்கு 2031 வரைக்கும்தான், நீங்க எப்ப வாங்குனாலும் சரி.

பின்னாடி விரல் வெக்கற வசதி இனி வரவே வராது, அதை மறந்துடுங்க. இப்ப இந்த சாம்சங், பிக்சல்ல எல்லாம் ஸ்க்ரீனுக்கு அடிலதான் சென்சார் (ஐபோன் 16ல விரலே கிடையாது, முகத்தைக் காட்டித்தான் திறக்கணும்), பாத்திரம் தேச்சுட்டு ஈரக்கையோட வந்தா சில போன் முறைக்கும். கடைலயே விரலை லேசா நனைச்சு தொட்டுப் பாருங்க. இன்னொண்ணு, உங்க 4ஏ பிளாஸ்டிக் உடம்பு, கவர் இல்லாமலே வெச்சிருந்திருப்பீங்க. கண்ணாடி முதுகு போனுக்கு கவர் போட்டாகணும், போட்டா அகலமும் எடையும் ஏறும், அதனால கவரோட கைல பிடிச்சுப் பாத்து வாங்குங்க.

கேள்வி: ஐபோன் 11, பேட்டரி ஹெல்த் 74 சதவீதம். ஸ்லோவாயிடுச்சு. புது ஐபோன் வாங்க லோன் போடலாம்னு இருக்கேன்.
– வாசகர், நாகர்கோவில்

லோன் வேண்டாம், பேட்டரி மாத்துங்க. பேட்டரி தளர்ந்தா போன் திடீர்னு ஆஃப் ஆகாம இருக்க ஆப்பிளே வேகத்தை குறைக்கும், 2017 கடைசில அவங்களே ஒத்துக்கிட்ட விஷயம் இது. அந்த காலத்து ஐபோன் பேட்டரி 500 தடவை முழு சார்ஜ் ஏறி இறங்குனா 80 சதவீதத்துக்கு வரும்னுதான் கணக்கு, நீங்க அதையும் தாண்டி வந்துட்டீங்க. ஐஓஎஸ் 26 வரைக்கும் 11க்கு வந்திருக்கு. அங்கீகாரம் பெற்ற சர்வீஸ்ல மாத்துங்க, தெருமுனை கடைல மாத்துனா விலை கம்மிதான், ஆனா செட்டிங்ஸ்ல இது எந்த பேட்டரின்னு தெரியலன்னு எழுதிக் காட்டும், நாளைக்கு போனை விக்கப் போகும்போது அந்த ஒரு வரிய காட்டியே விலைய அடிப்பாங்க. மாத்தின பிறகும் திருப்தி இல்லன்னா அப்ப லோனைப் பத்தி பேசலாம்.

கேள்வி: ஐபோன் எங்க ஊர் பக்கத்துல ஸ்ரீபெரும்புதூர்லயே செய்றாங்க. அப்புறம் ஏன் நமக்கு விலை குறையல? முன்னாடி நோக்கியா இங்க செஞ்சப்ப சல்லிசா கிடைச்சுதே!
– வாசகர், காஞ்சிபுரம்

நோக்கியா 2006ல அங்க ஆலை திறந்து 2014 நவம்பர்ல மூடுனாங்க. அப்ப சல்லிசா கிடைச்சது செஞ்ச இடத்தால மட்டும் இல்ல, அது சாதா போன், பாகம் கம்மி. இப்ப ஃபாக்ஸ்கான் கம்பெனி அங்க ஐபோன் பாகங்களை சேத்துப் பூட்டறாங்க, பூட்டற கூலி மொத்த விலைல சின்ன பங்குதான், டிஸ்பிளே, சிப், கேமரான்னு காசு போற பாகம் பெரும்பாலும் வெளிநாட்டுலேந்து வருது. செஞ்சதுல பெரும்பகுதி கப்பல், விமானம் ஏறி அமெரிக்கா போயிடுது. இங்க விக்கறதுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி இருக்கு. எல்லாத்துக்கும் மேல விலைய எந்த ஊர்ல செஞ்சோம்னு பாத்து வெக்கறதில்ல, எவ்ளோ குடுத்தாலும் வாங்க ஆள் இருக்கான்னு பாத்து வெக்கறாங்க. நம்ம புள்ளைங்களுக்கு வேலை கிடைக்குது, அது வரைக்கும் சரி.

கேள்வி: அண்ணே, காலேஜ் ஃப்ரெண்டோட ஃப்ரெண்டு ஐபோன் 12 குடுக்கறான். பில்லு இல்லையாம், ஆனா போன் பளபளன்னு இருக்கு. என் பழைய ரியல்மியை குடுத்துட்டு வாங்கிரவா?
– மாணவர், மதுரை

பில்லு இல்லன்னு சொன்ன எடத்துலயே நான் எந்திரிச்சு வந்திருப்பேன் தம்பி. இருந்தாலும் பாக்கறதை பாத்துடு. அந்த போன்ல ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் அடிச்சா 15 இலக்க ஐஎம்ஈஐ நம்பர் (அந்த போனோட அடையாள எண்) வரும். மெசேஜ்ல கேஒய்எம்னு இங்கிலீஷ்ல மூணு எழுத்து போட்டு, ஒரு இடம் விட்டு அந்த நம்பரை அடிச்சு 14422க்கு அனுப்பு. அரசாங்கத்தோட சஞ்சார் சாத்தி சைட்லயும் பாக்கலாம். கறுப்புப் பட்டியல்ல இருக்கு, இல்ல இதே நம்பர்ல இன்னொரு போன் இருக்குன்னு வந்தா அதை தொடாதே, நாளைக்கு ஸ்டேஷன்ல கூப்பிட்டா உன் பேரைத்தான் கேப்பாங்க. அடுத்து அவன் கண்ணு முன்னாடியே அவனோட ஆப்பிள் ஐடிய எடுக்கச் சொல்லு. பாஸ்வேர்டு மறந்துடுச்சுன்னு சொன்னா அந்த போன் அவனோடது இல்லன்னு எடுத்துக்க. செட்டிங்ஸ்ல ஜெனரல், அபவுட்ல போனா மாத்துன பாகம் இருந்தா காட்டும். பளபளப்புக்கு புது ஃப்ரேம் மாத்திக் குடுக்க ஆள் இருக்காங்க.

எல்லாம் சரியாவே இருந்தாலும் 2020 அக்டோபர்ல வந்த போன் அது, சார்ஜரும் பழைய லைட்னிங் ஒயர்தான். ரியல்மி நல்லா ஓடுதுன்னா அதையே ஓட்டு.

கேள்வி: போன வருஷம் தவறிப்போன எங்க பாட்டி அனுப்பின வாட்ஸப் வாய்ஸ் மெசேஜ் எல்லாம் பழைய போன்ல இருக்கு. அதனாலயே புது போன் வாங்கியும் இன்னும் மாறல. பத்திரமா எப்படி மாத்தறது?
– வாசகி, கும்பகோணம்

ஒரே வழிய நம்பாம மூணு வழில எடுத்து வெச்சுக்கோங்க. முதல்ல பாட்டியோட சாட்டை திறந்து, மேல மூணு புள்ளில மோர், அதுக்குள்ள எக்ஸ்போர்ட் சாட்னு இருக்கும், மீடியாவோடன்னு சொல்லி உங்க மெயிலுக்கோ டிரைவுக்கோ அனுப்புங்க. மீடியாவோட எடுக்கும்போது கடைசி 10,000 மெசேஜ் வரைக்கும்தான் வரும், பாட்டி சாட்டுக்கு அது தாராளம்னு நினைக்கறேன், எங்க வீட்டு ஃபேமிலி குரூப்புக்குத்தான் பத்தாது.

ரெண்டாவது, போனை கம்ப்யூட்டர்ல சொருகி ஆண்ட்ராய்ட் ஃபோல்டர், மீடியா, காம்.வாட்ஸப், வாட்ஸப், மீடியா, அதுக்குள்ள வாய்ஸ் நோட்ஸ்னு போங்க. மொத்த ஃபோல்டரையும் அப்படியே காப்பி பண்ணுங்க. உள்ள யார் பேரும் இருக்காது, வருஷமும் வாரமும் சேந்த நம்பரா வரிசையா ஃபோல்டர் இருக்கும், ஃபைல் பேர்ல தேதி மட்டும் இருக்கும். பாட்டி பொறந்தநாளுக்கு வாழ்த்தி அனுப்பினது எதுன்னு தேதிய வெச்சுத்தான் தேடணும். அதனால முக்கியமானதை இப்பவே கேட்டு பேர் மாத்தி வெச்சுடுங்க, பின்னாடி செய்யலாம்னு விட்டா யாரும் செய்யறதில்ல.

மூணாவதுதான் வழக்கமான வழி. ரெண்டு போனும் ஆண்ட்ராய்டுன்னா வாட்ஸப் செட்டிங்ஸ்ல சாட்ஸ், அதுல டிரான்ஸ்ஃபர் சாட்ஸ், க்யூஆர் காட்டி ஸ்கேன் பண்ணா நேரா போயிடும், நம்பர் அதேதான் இருக்கணும். ஐபோனுக்கு மாறினா மூவ் டு ஐஓஎஸ் ஆப் வழியா போகணும், அதுவும் புது ஐபோனை முதல் தடவை ஆன் பண்ணி செட் பண்ற சமயத்துலயே செய்யணும். கூகுள் டிரைவ் பேக்கப்பை மட்டும் நம்பி இருக்காதீங்க, அது இப்ப உங்க 15 ஜிபி இலவச இடத்துல கணக்காகுது, இடம் நிறைஞ்சா பேக்கப் நின்னுடும், நோட்டிஃபிகேஷன் வந்தாலும் நாம தள்ளி விட்டுடுவோம்.

போன் பேசினதை ரெக்கார்ட் பண்ணி வெச்சிருந்தா அதுவும் தனி ஃபோல்டர்ல இருக்கும், வாட்ஸப்போட வராது. ஃபைல் மேனேஜர்ல ரெக்கார்டர்னு தேடிப் பாருங்க.

கேள்வி: எக்ஸ்சேஞ்ச்ல என் பழைய போனுக்கு 700 ரூபாய்தான் தரேங்கறாங்க. குடுக்கறதுக்கு மனசு வரல, வெச்சுக்கவும் எதுக்குன்னு தெரியல.
– வாசகர், விழுப்புரம்

பேட்டரி உப்பாம, ஸ்க்ரீன் உடையாம இருந்தா 700க்கு குடுக்காதீங்க. வீட்டு வைஃபைல போட்டு பாட்டு கேக்கலாம், வாசல்ல கேமரா வெச்சிருந்தா அதை இதுல பாக்கலாம், புது போன் சர்வீஸுக்கு போற நாலு நாளைக்கு கைல ஒண்ணு இருக்கும். டிராயர்ல போட்டு ஆறு மாசம் தொடமாட்டேன்னா குடுத்துடுங்க, உள்ளயே கெடந்து பேட்டரி வீணாகறதுக்கு அது மேல்.

குடுக்கறதுன்னு முடிவு பண்ணா புது போன்ல யூபிஐ, பேங்க் ஆப் எல்லாம் ஓட ஆரம்பிச்ச பிறகு குடுங்க. புது போன்ல யூபிஐ போடும்போது உங்க சிம்லேந்து ஒரு எஸ்எம்எஸ் தானா போகும், ரீசார்ஜ் பேக்ல எஸ்எம்எஸ் இல்லன்னா அங்கயே நிக்கும், நீங்க ஆப் சரியில்லன்னு திட்டுவீங்க. மாத்தின முதல் நாள் அனுப்பற தொகைக்கும் லிமிட் கம்மியா இருக்கும், அதனால வாடகை, ஸ்கூல் ஃபீஸ் கட்ட வேண்டிய அன்னைக்கு போன் மாத்தாதீங்க. சிம், மெமரி கார்டு ரெண்டையும் எடுத்துட்டு, செட்டிங்ஸ்ல கூகுள் அக்கவுண்டை நீக்கிட்டு அப்புறம் ரீசெட் குடுங்க. அதை நீக்காம ரெக்கவரி மெனு வழியா ரீசெட் பண்ணா வாங்குனவர் ஆன் பண்ணும்போது உங்க பாஸ்வேர்டை கேக்கும், அவர் கடைக்கு போவார், கடைக்காரர் ராத்திரி பத்து மணிக்கு உங்களுக்கு போன் அடிப்பார்.